நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அழுக்கு

ஒரே வர்ணம் பூசிய விமானத்தின் மாதிரியைச் செய்வது சுலபம் என்று சொல்பவர்கள் அதைச் செய்து பாராதவர்கள். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தீட்டிய விமானமென்றால் செய்தவனுடைய கைக்கோணலில் பாதி அந்தத் திட்டுகளுக்குள்ளேயே மறைந்துவிடும். பார்ப்பவருடைய கண்ணும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் சந்தோஷப்படும். ஏகவர்ண விமானத்திலோ மறையவும் இடமில்லை, தாவவும் இடமில்லை.

அமெரிக்கக் கடற்படையார் 1944-இல், அதுவரை மேலே கடல்நீலம், பக்கங்களில் இளநீலம், அடியில் வெள்ளை என்று தங்கள் போர்விமானங்களுக்குப் பூசிவந்த முறையைக் கைவிட்டு, மூக்கு முதல் வால் வரை பளபளக்கும் கருநீலம் ஒன்றையே பூசும்படி உத்தரவிட்டார்கள். உத்தரவிட்ட மகானுபாவர்களுக்குப் பசிபிக் சமுத்திரம் ஞாபகத்தில் இருந்ததே தவிர, பிற்காலத்தில் அதே விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்து அலமாரியில் வைக்கப்போகிற எங்களைப் பற்றிய ஞாபகம் லவலேசமும் இருந்ததாகத் தெரியவில்லை. 41 அடி இறக்கை விரிப்புள்ள கோர்ஸேர் என்ற கடற்படைப் போர்விமானம் 26 சென்டிமீட்டராகச் சுருங்கி, அந்த நீலத்தையும் குறைவில்லாமல் பூசிக்கொண்டு நின்றால், வீட்டுக்கு வருகிற விருந்தாளி அதை இறக்கை முளைத்த கத்தரிக்காய் என்று கருதுவதை எந்த சாஸ்திரத்தாலும் தடுக்க முடியாது.

அசல் வர்ணத்தை அப்படியே பூசினால் அசலைப்போல் இராது என்பது இந்தக் கலையின் முதல் விசித்திரம். ஓர் அடி தூரத்திலிருந்து நாம் பார்க்கிற மாதிரி விமானம், 48 அடி தூரத்தில் நிற்கும் நிஜ விமானத்துக்குச் சமம். இடையிலுள்ள காற்றும் வெளிச்சமும் நிறத்தைச் சற்று வெளுக்கச் செய்யும். ஆகையால் நீலத்தில் ஆரம்பத்திலேயே கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்துவிடவேண்டும். பிறகு ஏர்பிரஷைக் கையில் எடுத்து, ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சாயல் வெளிறிய நீலத்தை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மட்டும், படரவிடவேண்டும். அத்வைதியாகப் பெட்டியைத் திறந்தவன் விசிஷ்டாத்வைதியாகிவிடும் கட்டம் இது.

இதில் பொய் ஒன்றுமில்லை. கோர்ஸேரின் வெளி இறக்கையில் பின்பாதி துணியால் போர்த்தியது. வெயிலில் துணி வெளுப்பது வேறு, உலோகம் வெளுப்பது வேறு. விமானிக்கு முன்னாலுள்ள பெட்ரோல் தொட்டியிலிருந்து கசிவது கண்ணாடியில் தெறிக்காதிருக்கும்பொருட்டு, அங்கே தகட்டு விளிம்புகளின்மேல் வெள்ளை நாடா ஒட்டுவதும் உண்டு. அந்த நாலு துண்டு நாடா போதும், கருநீல ஏகாந்தத்துக்கு உயிர் வந்துவிடும். 1945-இல் ஒகினாவாவிலிருந்து பறந்தவற்றின்மேல் பவளப்பாறையை இடித்துப் போட்ட ஓடுபாதைகளின் வெள்ளைப் பொடி வேறு. இறக்கை உடலோடு சேருமிடத்தில், மெக்கானிக்குகளின் பூட்ஸ் பட்டு நீலம் பெயர்ந்து உலோகம் தெரியும். ஸ்பாஞ்சுத் துணுக்கை வெள்ளி வர்ணத்தில் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, மிச்சத்தை அங்கே தட்டினால் அதுவும் கிடைத்துவிடும்.

எனக்குப் பரமானந்தம் தருவது தகடுகள் சேரும் கோடுகளுக்கு அழுக்கு ஏற்றும் காரியந்தான். முதலில் பளபளக்கும் வார்னிஷ் அடித்துக் காயவைத்து, ஓவியர்களின் எண்ணெய்ச் சாயத்தைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து, மெல்லிய தூரிகையின் நுனியால் ஒரு கோட்டின் முனையைத் தொட்டால், சாயம் தானாகவே அந்தக் கோட்டின் வழியே ஓடி, திருப்பத்தில் திரும்பி, ரிவெட் குழிகளில் தங்கித் தங்கிப் போகும். லோகத்தில் அழுக்கு என்றால் கறுப்பு. கருநீல விமானத்தில் கறுப்பு தெரியவே தெரியாதாகையால் எங்கள் அழுக்கு வெளிர் சாம்பல். அரைமணி கழித்து, பஞ்சு சுற்றிய குச்சியால், காற்று போகும் திசையிலேயே, அதாவது மூக்கிலிருந்து வாலுக்கு, துடைக்கவேண்டும். குறுக்கே துடைப்பவன் இந்த மார்க்கத்துக்கு விரோதி. வெளி இறக்கையின் துணிப் பகுதிக்கு மட்டும் கடைசியில் பளபளப்பற்ற வார்னிஷ். நிறம் ஒன்றாகவே இருந்தாலும் மினுமினுப்பு மாறினால் கண் ஏமாறும்.

இத்தனையையும் கவனித்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, புதுசா இருந்ததை அழுக்காக்கவா இத்தனை பாடு? மொட்டை மாடியிலே நாலு நாள் வெச்சா தானா வந்துடாதா?" என்றாள். மாடியில் விழுவது முழு அளவுத் தூசி, கோர்ஸேருக்கு வேண்டியது நாற்பத்தெட்டில் ஒரு பங்குத் தூசி, விகிதம் தப்பினால் ஒரு மணல் இறக்கைமேல் பாறாங்கல்லாகக் கிடக்கும் என்று நான் சாங்கோபாங்கமாக விளக்கினேன். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

"சரிதாங்க. அப்போ இந்த அலமாரியைத் துடைக்கிறதிலேயும் எனக்கு நாற்பத்தெட்டில் ஒரு பங்குதான். மிச்ச நாற்பத்தேழும் உங்களோடது" என்றாள்.