ஆறு அடி சுதந்திரம்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் முகாம் தளங்களில் பெரும்பாலானவை நாயை வரவேற்கின்றன. வரவேற்பின் நீளம் 6 அடி. கயிறு அதைத் தாண்டக் கூடாது. யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் தளம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள் நாய் உலவலாம். மலைப்பாதைகளும் வெந்நீர் ஊற்றுகளும் அதற்கு விலக்கு. ஆயிரம் மைல் காரில் வந்த நாய் கண்குளிரக் காண்பது, ஊரில் இருப்பது போன்றதொரு வாகன நிறுத்தத்தைத்தான். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு எல்லோரும் ஊற்றைப் பார்க்கப் போவதும் விதிமீறல். ஆகவே குடும்பத்தில் ஒருவர் முறைவைத்து நாய்க்குத் துணையிருக்க, மற்றவர்கள் இயற்கையை ரசிக்கிறார்கள்.

கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் நாய் நின்று பள்ளத்தை எட்டிப் பார்க்கலாம், இறங்கக் கூடாது. கோவேறு கழுதைகள் மட்டும் ஆள் சுமந்து இறங்கும். சுமை தூக்காத பிராணிக்குச் சலுகை குறைவுதான். சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவிலோ படகில் உட்கார்ந்திருக்கும் நாய்க்கும் பூங்கா எல்லைக்குள் இடமில்லை. அதற்குக் காரணம் உண்டு: 1980களின் தொடக்கத்தில் நாய் வழியே வந்ததாகக் கருதப்படும் பார்வோ வைரஸ் அங்கிருந்த ஓநாய்களைப் பெருமளவு அழித்தது.

மெய்ன் மாநிலத்தின் அகேடியா விதிவிலக்கு. சுமார் 100 மைல் நடைபாதை அங்கே நாய்க்குத் திறந்திருக்கிறது, அதே 6 அடிக் கயிற்றோடு. நாயின் கழிவை அள்ளிப் பையில் சுமப்பது மட்டும் எல்லாப் பூங்காவிலும் எசமானரின் உரிமை.