ஜவ்வாது மலைக்கு ஒரு ஜோடி லைட்

ஜீப் வைத்திருக்கிறவனை ஊர் மூன்று விதமாகப் பார்க்கும். சீர்வரிசை ஏற்ற வண்டி ஆச்சு என்று உறவுக்காரர்கள் பார்ப்பார்கள். இந்த மாச வாடகைக்கு வழி ஆச்சு என்று மெக்கானிக் பார்ப்பார். இது எப்போது தொலையும் என்று வீட்டில் பார்ப்பார்கள். சாகசக்காரன் என்று யாராவது ஒருத்தர் பார்க்க மாட்டாரா என்கிற ஏக்கத்தில்தான் என்னைப் போன்றவர்கள் பம்பரில் லைட் மாட்டக் கிளம்புகிறோம்.

என்னுடையது பழைய மாருதி ஜிப்ஸி. டி.என். 13, சுத்தமான அம்பத்தூர் ஜாதகம். அதன் ஃபோர் வீல் டிரைவ் ஜவ்வாது மலைக்காகத் தவம் கிடக்கிறது. இதுவரை ஏறி இறங்கியதெல்லாம் ஓ.டி. பக்கம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட மண்மேடும், பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சந்துகளும்தான். மலைக்குப் போனால் இருட்டிவிடும், இருட்டினால் லைட் வேண்டும், ஆகவே முதலில் லைட் என்பது என் திட்டம். “முதல்ல முட்டிக்கு டாக்டரைப் பாருங்க. வண்டியில ஏறவே ஸ்டூல் கேக்கறீங்க” என்பது மனைவியின் திட்டம்.

இழுபறிக்குப் பிறகு 3,000 ரூபாய் ஒதுக்கீடு ஆனது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் இந்தத் தொகையைச் சொன்னேன். எனக்காக எடுத்துப் போட்ட ஸ்டூலைக் கடைக்காரர் மறுபடி உள்ளே தள்ளிவிட்டார்.

நாம் எல்லாவற்றையும் ‘ஃபோகஸ் லைட்’ என்று ஒரே பேரில் அழைத்துவிடுகிறோம். அதற்குள் மூன்று ஜாதி இருக்கிறது. ஸ்பாட் என்பது ஒல்லியாக வெகுதூரம் அடிக்கும். ஃப்ளட் தூரம் போகாது. வண்டிக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரியும். ஃபாக் லேம்ப்பைத் தாழ்வாக மாட்டுவார்கள். அதன் வெளிச்சம் கத்தரித்தாற்போல் மேலே ஏறாமல் தரையோடு பரவும். திறந்த வெளியில் பறக்கிறவனுக்கு ஸ்பாட். காட்டுப் பாதையில் கல்லையும் குழியையும் பார்த்துப் பார்த்து ஊர்கிறவனுக்கு ஃப்ளட். நான் கேட்டது ஸ்பாட். அரை கிலோமீட்டர் அடிக்கும் என்றார்கள். சாயங்காலம் சி.டி.எச். ரோட்டில் எனக்கு முன்னால் காலியாக இருக்கும் இடம் நாலடி.

கடைசியில் பட்ஜெட்டுக்குள் அடங்கியது ஒரு எல்.ஈ.டி. பார். முழ நீளம், 900 ரூபாய், அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘300 வாட்’. அதைப் பாடிக்குக் கொண்டுபோனேன். பாடியில் பஸ் ஸ்டாப்புக்கே லூகாஸ் என்றுதான் பேர். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிற கம்பெனி 1960களிலிருந்து அங்கே இருப்பதால், டீ ஆற்றுகிறவர்கூட “எர்த் சரியில்ல சார்” என்பார். எலக்ட்ரீஷியன் பாரைக் கையில் தூக்கிப் பார்த்தார். பின்னால் தொங்கிய ஒயரைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நசுக்கினார். “300 வாட்டுன்னா 12 வோல்ட்டுல 25 ஆம்ப் இழுக்கணும் சார். இந்த ஒயருல 25 ஆம்ப் போனா வெளிச்சம் வராது, புகைதான் வரும்” என்று கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 2.9 என்று காட்டியது. “முப்பத்தஞ்சு வாட்டு தேறும். மிச்சம் 265 வாட்டு அட்டைப்பெட்டியில இருக்கு, தூக்கிப் போட்டுடாதீங்க.”

முப்பத்தைந்தும் வெளிச்சம்தானே என்று அன்றிரவே ஆவடி வரை ஓட்டினேன். காங்கிரஸ் மகாசபை 1955 ஜனவரியில் கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது இந்த ஆவடியில்தான். அதை முழுசாக நிறைவேற்றிய பெருமை என் பாருக்கே சேரும். வேப்பமரத்துக் காக்கைக்கும், மூன்றாவது மாடி ஜன்னலுக்கும், எதிரே வந்த தண்ணி லாரி டிரைவரின் இரண்டு கண்ணுக்கும் ஒளியைச் சமமாகப் பங்கிட்டது. செலவு செய்தவனுக்கு மட்டும் பள்ளம் தெரியவில்லை. லாரி டிரைவர் இறங்கி வந்து சொன்ன வாழ்த்துரையில் என் பரம்பரை முழுவதும் இடம்பெற்றது.

சட்டமும் அவர் பக்கம்தான். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆம் விதி, வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ கூடாது என்கிறது. விசேஷச் சந்தர்ப்பம் என்றால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். என் வண்டிக்கு விசேஷச் சந்தர்ப்பம் எது என்று மனசுக்குள் ஒரு விண்ணப்பம் எழுதிப் பார்த்தேன். ‘மைத்துனர் மகள் சீமந்தம்’ என்பதற்கு மேல் ஓடவில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதை மணிக்கணக்கில் யாரும் அளப்பதில்லை, நாள் கணக்குதான். கண்ணாடிக்குள் அரை விரற்கடைக்குத் தண்ணீர் ஏறி, வண்டி திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. வெளிச்சமோ வெள்ளை வெளேர் ரகம். மழைத்துளியில் பட்டுச் சிதறி என் மூஞ்சியிலேயே திரும்பி அடித்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். விஜயந்தா முதல் அர்ஜுன் வரை ஆவடியில் உருண்டதையெல்லாம் பார்த்த கண். பாரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, சண்டைக்குப் போற வண்டியில லைட்டுக்கு முக்காடு போட்டு, தரையில துளியூண்டு விழற மாதிரி வெச்சிருப்பான். எதிரி பாத்துடக் கூடாதுல்ல? நீ யாரு பாக்கணும்னு மாட்டியிருக்கே?”

பதில் தெரியும். நடுத்தெருவில் வைத்துச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

மறுபடி பாடி. இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் பாரைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, மீட்டர் கம்பியை பேட்டரியில் வைத்தார்: 13.8 வோல்ட். ஹெட்லைட் பல்பின் முனையில் வைத்தார்: 11.9. மீதி, பழைய சுவிட்சிலும் நைந்த ஒயரிலும் கரைந்துகொண்டிருந்தது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவிகிதம் போய்விடும். என்னிடம் அதற்கும் மேலேயே போயிருக்கிறது. “இருக்கிற லைட்டுக்கே சோறு போடலை, இன்னொண்ணு எதுக்கு சார்?” என்றார்.

வைத்தியம் ரிலே. மாமியார் சமையலறையில் லேசாகச் செருமினால் ஹாலில் நான் எழுந்து டி.வி.யை அணைப்பேன் அல்லவா, அதுதான் தத்துவம். சுவிட்ச் வழியாகச் சிறிய கரண்ட் செருமும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் பெரிய கரண்ட் ஓடிவந்து வேலை செய்யும். ரிலே, ஃபியூஸ், ஒயர், கூலி எல்லாம் 1,100 ரூபாய். மிச்சக் காசில் மஞ்சள் ஃபாக் லேம்ப் ஒரு ஜோடி, 55 வாட் ஹாலஜன். இரண்டும் சேர்ந்து 9 ஆம்ப் இழுக்கும் என்பதால் அதற்குத் தனி ரிலே, 15 ஆம்ப் ஃபியூஸ். பம்பருக்குக் கீழே, தலை குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. பள்ளம் தெரிகிறது, பள்ளத்தின் ஓரத்தில் படுத்திருக்கும் நாய் தெரிகிறது, எதிரே வருகிறவர்கள் என் முன்னோர்களை விசாரிப்பதில்லை. வண்டியைப் பார்த்துத்தான் ஒருத்தரும் எதுவும் கேட்பதில்லை. “புதுசா என்ன மாட்டினீங்க?” என்று மனைவியே கேட்டாள்.

பாரை மட்டும் வீணாக்க மனசு வரவில்லை. தண்ணீரை வடித்து, காயவைத்து, பழைய இன்வெர்ட்டர் பேட்டரியோடு தெருப் பையன்களிடம் கொடுத்துவிட்டேன். காலி மனையில் கம்பம் நட்டு மாட்டி, ராத்திரி பதினோரு மணி வரை ஷட்டில் ஆடுகிறார்கள். காக் எங்கே போய் விழுகிறது என்று இப்போது துல்லியமாகத் தெரிகிறதாம். பெரும்பாலும் எங்கள் வீட்டு சன்ஷேடில். எடுத்துக்கொடுக்க ஏணி ஏறுகிற என்னை, “அங்கிள், பாத்து, முட்டி!” என்று கீழேயிருந்து மொத்தத் தெருவும் பார்க்கிறது.