கம்பி வேலையும் எலும்பு வேலையும்

முதுகெலும்பு மறுசீரமைப்பு ஆபரேஷன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இடித்துவிட்டுக் கட்டுவார்களா? (திருப்பூர்)

கொஞ்சம் இடிப்பதும் உண்டு. நரம்பை நெரிக்கும் எலும்பைச் செதுக்கி எடுப்பது, நகர்ந்துபோன எலும்பைப் பிடித்து நிறுத்துவது, கோணலைத் திருப்புவது, நொறுங்கியதை எடுத்துவிட்டு டைட்டானியக் கூண்டு வைப்பது எல்லாமே இந்த ஒரே பெயரில்தான் வரும். உங்களுக்கு எது என்று கேளுங்கள். கூடவே, "எத்தனை எலும்பை ஒன்றாகச் சேர்க்கப்போகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். சேர்க்கிற ஒவ்வொரு கணுவிலும் அசைவு போய்விடும். அதுதான் விலை, ஆஸ்பத்திரி பில்லில் வராது.

போட்ட ராடும் ஸ்க்ரூவும் ஆயுளுக்கும் தாங்குமா? (நாமக்கல்)

ராடு வெறும் சாரம். கட்டடம், அங்கே வைக்கிற எலும்புத் துண்டுகள். அவை கூடி ஒரே எலும்பாக ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். கூடாமல் போனால், அசைவுக்கெல்லாம் ஈடுகொடுத்துக் களைத்த உலோகம் ஒருநாள் ஒடியும். பீடி, சிகரெட் இந்தக் கூடுதலைக் கெடுக்கும். எலும்பு கூடிய பிறகும் ராடைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

மகளுக்கு 13 வயது. முதுகுக் கோணல் 30 டிகிரி என்கிறார்கள். புத்தகப் பைதான் காரணமா? (கோவில்பட்டி)

பை பாவம், விட்டுவிடுங்கள். இந்த வயதில் வரும் கோணலுக்குப் பெரும்பாலும் காரணமே பிடிபடுவதில்லை. வளர்ச்சி பாக்கியிருந்தால் 25 முதல் 45 டிகிரி வரை, உடம்பைச் சுற்றி மாட்டும் பிரேஸ். 50-ஐ நெருங்கினால்தான் கத்தி. இதைப் பற்றி அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமலே வளர்ந்து முடித்தார்கள். சும்மா கவனித்துவந்தவர்களில் 48 சதவீதம். நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் தொண்ணூறைத் தாண்டியது. பீரோவில் மாட்டிவைத்த பிரேஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எப்படியும் ஆபரேஷன்தான் என்றால், முதுகை ஸ்கேல் மாதிரி நேராக்கிவிட வேண்டியதுதானே? (காரைக்குடி)

அப்படி நினைத்துப் பட்ட அனுபவம் உலகத்துக்கு உண்டு. ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற டாக்டர், போலியோவால் முதுகு கோணிய குழந்தைகளுக்காக எஃகு ராடு செய்தார். 1962-ல் அதைப் பற்றி எழுதினார். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த ராடு முதுகை நீட்டி இழுத்தபோது, இடுப்பில் இயல்பாக இருக்க வேண்டிய உள்வளைவும் சேர்ந்து தட்டையானது. வருஷங்கள் கழித்து அவர்களில் சிலர் நிமிர்ந்து நிற்க முடியாமல், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்து நடந்தார்கள். அதைச் சரிசெய்ய இன்னோர் ஆபரேஷன்! முன்னாலிருந்து பார்த்தால் நேர், பக்கத்திலிருந்து பார்த்தால் வளைவு: நல்ல முதுகு அப்படித்தான். அதனால்தான் இப்போது ஆபரேஷனுக்கு முன்பே உங்களைப் பக்கவாட்டில் நிற்கவைத்து முழு நீள எக்ஸ்ரே எடுத்து, எந்த வளைவு எத்தனை டிகிரி என்று கணக்குப் போடுகிறார்கள்.

முதுகெலும்பில் டி.பி. ஆபரேஷன் கட்டாயமா? (வேலூர்)

பலருக்கு மாத்திரையே போதும். அதைக் காட்டியதில் சென்னைக்கும் பங்குண்டு. ஆபரேஷன் செய்தவர்களையும், நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களையும் இங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்தாண்டுக் கணக்கு 1999-ல் வந்தது. மருந்துக்காரர்கள் பின்தங்கவில்லை. கால் பலவீனமாகிக்கொண்டே போனாலோ, கூன் பெரிதானாலோ கதை வேறு.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் புடைப்பு. வயது 50. பயமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தால் பத்தில் ஆறு பேருக்கு அது தெரியும். படத்துக்கு வைத்தியம் கிடையாது; வலிக்குத்தான். ஆனால் சிறுநீர் போக முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது, கால் துவள்கிறது என்றால் இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். அது அதே நாளில் எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய விஷயம்.

கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஜெயித்தாரே? (சேலம்)

2017-ல் இடுப்பின் கடைசிக் கணுவைச் சேர்த்தார்கள், 2019-ல் மாஸ்டர்ஸ் பட்டம். சேர்த்தது ஒரே கணு என்பதையும், அதற்கு முன் மூன்று ஆபரேஷன்கள் நடந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.

முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிடலாமா? (கும்பகோணம்)

சம்மணத்தில் இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும்தான் பெரிய வேலை. எலும்பு கூடி, டாக்டரும் தலையாட்டிவிட்டால் பலரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். குனிந்து ரசம் சோறு அள்ளுவதும், எழுந்திருப்பதும்தான் பாடு. பக்கத்து இலைக்காரரோடு சண்டை போடாதீர்கள். கை கொடுக்க அவர் வேண்டும்.