கல்லூரி வாசலில் நில அளவை: பெற்றோர் சாஸ்திரம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சென்னையை அடுத்த பரங்கிமலையடிவாரத்தில், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வில்லியம் லாம்டன் என்னும் துரைமகனார் நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றைத் தரையில் கிடத்தி, ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை 57 நாட்கள் பொறுமையாக அளந்து, பிற்காலத்தில் இமயத்தின் சிகரங்களையே எட்டிய மகத்தான அளவைக்கு அடிக்கோடு இட்டார் என்று சரித்திர நூல்கள் விஸ்தாரமாகக் கூறுகின்றன. அம்மலைக்கு வெகு தொலைவில்லாத கிண்டியிலேயே, 1794-இல் கோட்டைக்குள் எட்டு மாணாக்கருடன் நில அளவைப் பள்ளியாகப் பிறந்து, 1920-இல் இங்கே குடிபெயர்ந்த பொறியியற் கல்லூரியும் இருக்கிறது. ஆயினும் அதே நிலத்தில், ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் வாரத்தில், சங்கிலியும் தொலைநோக்கியும் இன்றி, ஒரு கைப்பையும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலுமே கருவிகளாகக் கொண்டு பெற்றோர் நடத்தும் மூன்றாவது அளவையைப் பற்றி வித்வான்கள் மௌனம் சாதிப்பது வருந்தத்தக்கது. அக்குறையை நிவர்த்தி செய்வதே இக்கட்டுரையின் பிரயோசனம்.

முதற்கண் கல்லூரி வட்டாரத்தின் எல்லை நிர்ணயம். வடக்கே அடையாறு, தெற்கே சர்தார் படேல் சாலை, அதைக் கடந்தால் காந்தி மண்டபமும் கிண்டிக் காடும், மேற்கே ரயில் நிலையம், கிழக்கே மத்திய கைலாஷ் என்பது பூகோளம் கற்றோர் கூறும் எல்லை. பெற்றோர் சாஸ்திரம் இதை ஏற்பதில்லை. இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் கண்ட பிள்ளை, ஒருவர் துணையுமின்றி நடந்து போய் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பக்கூடிய தூரம் எதுவோ அதுவே வட்டாரம். அதற்கப்பால் இருப்பதெல்லாம் வெறும் பட்டணம்.

இவ்வட்டாரத்துக்குள் பிரவேசிக்கும் மார்க்கத்தைப் பற்றி இரண்டு பக்ஷங்கள் உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து இரவு ரயில் ஏறி வரும் குடும்பங்களில், தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயிலில் கிண்டியை அடைவதே உத்தமம் என்பர் ஒரு சாரார்; பெட்டி படுக்கையுடன் மின்சார ரயிலில் ஏறுவது ஆபத்து, எழும்பூர் வரை தூங்கிக்கொண்டே போய் அங்கிருந்து ஆட்டோவில் வருவதே கௌரவம் என்பர் மற்றொரு சாரார். வடகலை தென்கலை வழக்கைப் போலவே இதிலும் சமரசத்துக்கு இடமில்லை. முதற் பக்ஷத்தைச் சேர்ந்த சித்தப்பாவும் இரண்டாம் பக்ஷத்தைச் சேர்ந்த மாமாவும் பிள்ளை பட்டம் பெற்று வெளியேறும் வரை இவ்விஷயத்தில் ஒன்றுபட்டதாக வரலாறு இல்லை.

வந்து சேர்ந்தபின் வட்டாரத்தை அறிவதற்குரிய பிரமாணங்கள், தர்க்க நூலார் சொல்வனவற்றுள், காட்சி, அனுமானம், ஆப்த வாக்கியம் என மூன்று. காட்சியால் அறியப்படுவது சொற்பம். அனுமானத்துக்கு ஓர் உதாரணம் போதும்: மெஸ் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தால் சாம்பார் நன்றாயிருக்கும் என்று தந்தை அனுமானிக்கிறார், அருகில் வேறு மெஸ் இல்லை என்று தாய் அனுமானிக்கிறாள், பெரும்பாலும் தாயின் அனுமானமே நிலைபெறுகிறது.

மூன்றாவதான ஆப்த வாக்கியமே இச்சாஸ்திரத்தின் ஜீவநாடி. தர்க்க சாஸ்திரத்தில் ஆப்தன் எனப்படுபவன் பொய் சொல்லாதவனும் விஷயம் அறிந்தவனும் ஆவான். இங்கேயோ விடுதி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் வாட்ச்மேனே ஆப்தன். “அண்ணே, இங்க மெடிக்கல் ஷாப் எங்க இருக்கு?” என்று தந்தை வினவ, அவர் எழுந்திராமலே கையை நீட்டி, “இப்படியே நேரா போங்க சார், பக்கம்தான்” என்கிறார். இந்தப் ‘பக்கம்’ என்னும் அளவு முந்நூறு அடியிலிருந்து மூன்று மைல் வரை விரிந்து சுருங்கும் தன்மையது. லாம்டன் துரை தம் சங்கிலி வெயிலில் நீளுவதற்கெல்லாம் கணக்கு வைத்துத் திருத்திக்கொண்டார்; வாட்ச்மேன் வாக்கியத்துக்குத் திருத்தக் கணக்கு இதுவரை யாரும் எழுதவில்லை. ஆயினும் அப்பெருந்தகையைத் தந்தை கைவிடுவதில்லை. வழி கேட்பது வியாஜம். “நம்ம பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று சொல்வதற்கு முன்னுரையாகவே அக்கேள்வி பிறக்கிறது என்பது எமது துணிபு.

ஆலய விசாரணை தாயின் தனி அதிகாரத்துக்கு உட்பட்டது. மத்திய கைலாஷில் பாதி விநாயகரும் பாதி ஆஞ்சநேயருமாக ஒரே திருமேனியில் எழுந்தருளியிருக்கும் ஆத்யந்தப் பிரபுவைக் கண்ட மாத்திரத்தில் அவள் திருப்தியடைந்துவிடுகிறாள். படிப்பு விக்கினமின்றித் தொடங்குவதற்கும் அரியர் இன்றி முடிவதற்கும் ஒரே சந்நிதியில் ஏற்பாடு ஆகிவிடுகிறதல்லவா? எதிர்ச்சாரியிலுள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் மான்கள் உலவுவதைக் கேட்டு மகிழ்பவள், அங்கே குரங்குகளும் உண்டு என்று கேட்டதும் விடுதி ஜன்னலை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

இத்தனை பாடுபட்டுச் சேகரித்த ஞானத்தைப் பிள்ளை எவ்வளவு உபயோகிக்கிறது என்று வினவினால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. தந்தை காட்டிக்கொடுத்த மெடிக்கல் ஷாப்பை அது ஏறிட்டும் பார்ப்பதில்லை. மருந்து செல்பேசியில் வந்துவிடுகிறது. கோட்டூர்புரத்தில் ஒன்பது தளங்களுடன் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தந்தை பயபக்தியுடன் காட்ட, அங்கே குளிர்சாதன வசதி உண்டு என்பதே பிள்ளையின் நினைவில் தங்குகிறது. மலிவான ஜெராக்ஸ் கடை, கடன் சொல்லக்கூடிய டீக்கடை ஆகியவற்றை அது தானாகவே கண்டுபிடிக்கிறது; அவை பெற்றோரின் படத்தில் இடம்பெறா.

இதனால் பெற்றோரின் அளவை வீண் என்று முடிவு கட்டுவோர் முக்கோண அளவையின் தத்துவம் அறியாதவர். ஓர் அடிக்கோட்டை மட்டும் தரையில் ஒழுங்காக அளந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் கோணம் பார்த்து, கால் வைக்கவே முடியாத சிகரத்தின் தூரத்தையும் இருந்த இடத்திலிருந்தே கணித்துவிடலாம் என்பதன்றோ அதன் ரகசியம்? “அப்பா, நான் மத்திய கைலாஷ்கிட்ட நிக்கேன்” என்று மகள் சொல்லும்போது, 600 கிலோமீட்டருக்கு அப்பால் பாளையங்கோட்டையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், “கோயிலுக்கு எதுத்தாப்லயா, சிக்னல் பக்கமா?” என்று கேட்கிறாரே, அந்தக் கேள்விக்காகவே அன்று வெயிலில் நடந்தார். அளவை பிள்ளைக்காகச் செய்யப்பட்டதே அன்று.

இனி எஞ்சி நிற்பது வாளி விவாதம் ஒன்றே. பக்கெட், மக்கு, கொசுவலை, பாய் ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டுவர வேண்டும், பட்டணத்தில் விலை அதிகம் என்பது பாட்டிமாரின் சித்தாந்தம். மறைமலையடிகள் பாலத்தைக் கடந்தால் சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் இவையனைத்தும் கிடைக்கும். ரயிலில் வாளியைத் தொட்டிலாகப் பாவித்துச் சுமந்து வருவதில் மிச்சமாவது ஒன்றுமில்லை. ஆகவே இவ்வாண்டு பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் வாளியை ஊரிலேயே வைத்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பூட்டு மட்டும் ஊர்ப் பூட்டாகவே இருக்கட்டும்.