எழுபத்தோராவது வளைவு

கேள்வி: கொல்லிமலைக்கு வருகிறவர்களுக்காக ஓர் இணையதளம் நடத்துகிறேன். ஆறு விளம்பரங்களில் மூன்று காசே தருவதில்லை. எடுத்துவிடட்டுமா?
– ஒரு வாசகர், சோளக்காடு

பதில்: எடுங்கள். ஆனால் காபித் தோட்டத்தில் நிழல்மரத்தைக் கவாத்து செய்கிற நிதானத்தோடு எடுங்கள். எந்தக் கிளை வெயிலை மறைக்கிறது, எது மிளகுக்கொடியைத் தாங்குகிறது என்று பார்க்காமல் அங்கே யாரும் கத்தி வைப்பதில்லை.

சொடுக்கு விழவில்லை என்பது மட்டும் காரணமாகாது. கூகுள் ஆட்சென்ஸ் 2024-ல் சொடுக்குக்குக் காசு என்பதை மாற்றி, காட்டினாலே காசு என்றாக்கிவிட்டது. ஆகவே ஆயிரம் காட்சிக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பாதி விளம்பரமாவது ஒரு நொடி திரையில் தெரிந்தால்தான் அது ‘பார்க்கப்பட்டது’ என்பது விளம்பரத் துறையின் கணக்கு. பக்கத்தின் அடியில் கிடப்பதை மேலே ஏற்றினால் அதுவே பிழைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை உங்கள் வாசகரைப் பற்றித்தான். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவர், ஒற்றைக் கோடு சிக்னலில் ஆகாயகங்கை அருவிக்கு வழி தேடுகிறார். விளம்பரம் முதலில் இறங்குகிறது. வழி எழுபத்தோராவது வளைவில் சிக்கி நிற்கிறது! அப்படித் தடுக்கிற விளம்பரம் காசு தந்தாலும் வேண்டாம்.

ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். ஆடியில் மட்டும் சோதிக்காதீர்கள். வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் எந்த விளம்பரமும் நல்ல பிள்ளையாகிவிடும். காலியான இடத்தில் சோளக்காடு சந்தையின் அன்றைய மிளகு விலையைப் போடுங்களேன்.