நாலு நிமிஷ மச்சான்

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போக மேப் போடுகிற மனிதர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். பிறந்து வளர்ந்தது திருவேங்கடம், பஸ் படியில் தொங்கிக்கொண்டே போய்ப் படித்தது சங்கரன்கோவில். எந்த வளைவில் பள்ளம், எந்தப் பாலத்து மேல் நாய் படுத்திருக்கும் என்பதுவரை மனப்பாடம். அப்படியிருந்தும் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஹேண்டில்பார் ஹோல்டரில் போனைச் சொருகி, நான்கு பக்கமும் ரப்பர் மாட்டி, குனிந்து அதன் காதில் “சங்கரன்கோவில்” என்பார். அதற்குப் புரியாது. மறுபடி சத்தமாகச் சொல்வார். எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கிற ஆச்சிக்குப் புரிந்துவிடும். “அங்ஙனயா போறிய, எனக்கு நாலு முழம் பூ வாங்கிட்டு வாங்க” என்பாள். போன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

“தெரிஞ்ச ரோட்டுக்கு எதுக்கு மச்சான் மேப்பு?”

“வழிக்கா போடுதேன்? டயத்துக்குல்லா போடுதேன் மாப்ளே!”

வியாதி இதுதான். பாட்டு, புளூடூத், ஹோல்டர் எல்லாம் அதன் கிளைகள். நீங்கள் இத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்று மேப் ஒரு நேரம் காட்டுகிறதே, அதை மச்சான் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. சவாலாக எடுத்துக்கொள்கிறார். 11.42 என்று காட்டினால் 11.38-க்குள் இறங்கியாக வேண்டும். இறங்கிப் பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, “நாலு நிமிஷம் மிச்சம் மாப்ளே” என்று சொல்ல வேண்டும். அந்த நாலு நிமிஷத்தையும் அதைச் சொல்வதிலேயே செலவழிப்பார்.

அந்த நேரம் எப்படிக் கிடைக்கிறது? அதே ரோட்டில் முன்னால் போன போன்களின் வேகத்தையும், அந்த ரோட்டின் வழக்கமான வேகத்தையும் வைத்துப் போடுகிற கணக்கு. ஆட்டு மந்தைக்கு ஒதுங்கி நின்றவர், பின்சீட்டில் கர்ப்பிணி மனைவியை வைத்து மெல்ல உருட்டிப் போனவர், வேலை எதுவும் இல்லாததால் அவசரமும் இல்லாதவர் எல்லோரும் அதில் அடக்கம். இவர்களைத்தான் மச்சான் போகிற வழியெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார். பந்தயம் நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

பந்தயத்தின் பலனை அனுபவிப்பது பின்சீட்டு. வழியில் டீ கிடையாது. ஒதுங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும்; சொன்னாலும், “அடுத்த ஊர் தாண்டட்டும், இப்போ 2 நிமிஷம் முன்னால இருக்கோம்” என்பார். ரயில்வே கேட் அடைத்திருந்தால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். ரயில் வருகிற திசையைப் பார்க்கமாட்டார், போனையே பார்ப்பார். 11.42 என்பது 11.43 ஆகும், 11.44 ஆகும். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு ‘ச்சே’. அவருக்குக் கேட்கீப்பர்மேல் தனிப்பட்ட பகை உண்டு.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் இளையராஜாவைத் தவிர வேறு யாரையும் வண்டியில் ஏற்றுவதில்லை. ரசனை நல்ல ரசனைதான். ஆனால் பல்லவி முடிந்து, வயலின்கள் எல்லாம் சேர்ந்து மேலே ஏறி, இதோ சரணம் வரப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பாட்டுச் சத்தம் அப்படியே உள்ளே போய்விடும். ஒரு பெண்குரல் வந்து, இன்னும் ஆறு கிலோமீட்டருக்கு நேராகப் போகச் சொல்லும். இரண்டு பக்கமும் பருத்திக்காடு. நேராகப் போகாமல் வேறு எங்கே போவது? குரல் முடிந்து பாட்டு திரும்பி வரும்போது சரணத்தில் பாதி ஓடியிருக்கும். அந்த மனுஷன் உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகக் கைப்பட நோட்ஸ் எழுதியது இதற்கா? மச்சானுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் பாட்டை ரசிப்பதே குரல் எப்போது வரும் என்று காத்திருப்பதற்காகத்தான்.

குரலை விட்டாலும் சட்டத்தை விட்டுக்கொடுக்கமாட்டார். 2020 அக்டோபர் 1 முதல், வண்டி ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. இந்த ஒரு விதியை மட்டும் அவர் கரைத்துக் குடித்திருக்கிறார். எங்கேயோ ஒரு செக்கிங்கில் நிறுத்தி, “என்ன, பாட்டா?” என்று கேட்டார்கள். “இல்ல சார், மேப்பு. ரூல்லயே இருக்கு” என்றார் மச்சான். அந்த நொடியில் போனுக்குள்ளிருந்து எஸ்.பி.பி.யும் ஜானகியும் சேர்ந்து சாட்சி சொன்னார்கள்.

2017 டிசம்பரில் இருசக்கர வண்டிக்கென்றே தனி வழி காட்டும் வசதி மேப்பில் வந்தது. உலகத்திலேயே முதலில் இந்தியாவுக்குத்தான் கொடுத்தார்கள். கார் நுழையாத சந்து, பைக் மட்டும் போகிற குறுக்குப் பாதை எல்லாம் அதில் வரும். மச்சானுக்கு அது தீபாவளி. நமக்கு எப்படி என்பதற்குக் கழுகுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த புதுமனை புகுவிழா போதும். ஐப்பசி மாசம், முந்தின ராத்திரி மழை. மேப் இரண்டு வழி காட்டியது. ஒன்று தார் ரோடு. இன்னொன்று காட்டு வழி, அதைவிட நாலு நிமிஷம் குறைவு. மச்சான் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

திருப்பத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பை நீட்டி மறித்தார். “அங்கிட்டுப் போவாதீக தம்பி, வண்டி இறங்கிரும்.”

“மேப்புல ரோடு இருக்கு பெரியவரே.”

“மேப்புல இருக்கும். மழை இங்கனல்லா பெஞ்சிருக்கு.”

கரிசல் ஈரமானால் என்ன செய்யும் என்று மச்சானுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. கி. ராஜநாராயணன் ஆயுசுபூராவும் எழுதிய மண். அவருடைய இடைசெவல் அங்கிருந்து ரொம்பத் தூரமும் இல்லை. மச்சான் பிறந்ததே அந்த மண்ணில்தான். முந்நூறு அடிகூடப் போயிருக்கமாட்டோம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. இறங்கினால் செருப்பு மண்ணோடு தங்கிவிட்டது, கால் மட்டும் மேலே வந்தது. வேலிக்கருவைக் குச்சியை ஒடித்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நோண்டினோம். நோண்டி, ஒரு உருட்டு உருட்டி, மறுபடி நோண்டினோம். குரல் மட்டும் சலிக்காமல் நேராகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தது. மச்சான் மண்ணுக்காக வருத்தப்படவில்லை, பட்டுக்கரை வேட்டிக்காகவும் வருத்தப்படவில்லை. குச்சியும் கையுமாக எழுந்து எழுந்து போனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “12.20 ஆயிருச்சே” என்றார். பெரியவரின் ஆடுகள் எங்களைத் தாண்டிப் போயின.

பந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது ரசம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் எடுத்த போட்டோ எல்லாம் கலங்கல். பெரிய இன்ஜின் மோட்டார்சைக்கிளின் அதிர்வு போன் கேமராவுக்குள் இருக்கிற, நடுக்கத்தைச் சமாளிக்கும் உறுப்பைக் கெடுத்துவிடலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-இல் எச்சரித்தது. மச்சானுடையது வேறு போன், ஆனால் அதிர்ச்சிக்குக் குறைவில்லாத வாழ்க்கை. அதில் எடுத்தால் புதுவீட்டுக்காரரும் அருவிக்குள் நிற்கிறவர் மாதிரிதான் தெரிவார்.

அருவி என்றதும் குற்றாலம். ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழுந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரையும் கையில் பிடிக்க முடியாது. சங்கரன்கோவில் தாண்டிப் புளியங்குடிக்கு வந்து கொல்லம் ரோட்டில் தெற்கே திரும்பிவிட்டால், வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். பல காலம் மொட்டையாக நின்று 1990-இல் மறுபடி எழுந்த தென்காசிக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். கண் இருக்கிற எவனும் தவறவிட முடியாத வழி. நாங்கள் போன அன்று மச்சான் மட்டும் மலையையும் பார்க்காமல் கோபுரத்தையும் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். சாரல் தொடங்கியது.

தொடுதிரைக்கு விரலும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான் என்பதை அன்றைக்குத்தான் கண்டோம். ஒரு துளி பாட்டை மாற்றியது. இன்னொரு துளி மேப்பைச் சுருக்கி இலங்கைவரை காட்டியது. மூன்றாவது துளி போகிற இடத்தை அழித்துவிட்டது. அதோடு அந்த நேரமும் போயிற்று. மச்சான் பதறிப்போய் ஒரு மரத்தடியில் ஒதுங்கி, சட்டையால் துடைத்தார். சட்டை நனைந்திருந்தது. என் கைக்குட்டையைக் கேட்டார், அதுவும் நனைந்திருந்தது. ஊரே நனைவதற்காக வந்திருக்கிற இடத்தில் இவர் மட்டும் காய்ந்த துணி தேடினார்.

மரத்தடியில் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அக்கா, நாங்கள் கேட்காமலேயே சொன்னாள்: “மெயினருவில வளைவத் தாண்டித் தண்ணி விழுது, போலீஸ் விடமாட்டாவ. ஐந்தருவிக்குப் போங்க.” எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், எங்கே கூட்டம், எங்கே தடை, எந்தக் கடையில் எண்ணெய் மாற்றுகிறான் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மச்சான் அவளுக்கு நன்றிகூடச் சொல்லாமல் மெயினருவி என்றே மறுபடி போட்டார். போனோம். தடை. சொன்ன நேரத்துக்கு 3 நிமிஷம் முன்னாலேயே போய்த் தடையைப் பார்த்தோம்.

இதுவரை சிரித்தாயிற்று. திரும்பி வருகையில் கடையநல்லூருக்குப் பக்கத்தில் நடந்ததற்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே ஒரு பஸ், லாரியை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தார். ஹெல்மெட்டுக்குள் வயலின் ஓடிக்கொண்டிருந்தது, கண் போனில் இருந்தது. நான் அவர் முதுகில் ஓங்கி அறைந்த பிறகுதான் வண்டியை மண்ணில் இறக்கினார். அறுபதில் போகிற வண்டி, போனை 2 விநாடி பார்ப்பதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். அந்த 33 மீட்டருக்கு ரோட்டைப் பார்க்கிற வேலை பின்சீட்டுக்காரனுடையது என்று எந்த விதியிலும் இல்லை. சில நாள் நடுவில் என் பையனும் உட்கார்ந்திருப்பான். மச்சான், உங்களுக்கு நாலு நிமிஷம் எதற்கு? மிச்சம் பிடித்ததை எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கேட்க மனசு வராது. ஏனென்றால் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் காரில் வந்தால், “லொகேஷன் அனுப்புங்க” என்பார்கள். “அதெல்லாம் சுத்தி விட்டுரும், நானே நிக்கேன்” என்பார் மச்சான். விடியக்காலை நாலு மணியானாலும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, திருவேங்கடம் விலக்கில் டார்ச்சோடு நிற்பார். கார் வர ஒரு மணி நேரம் பிந்தினாலும் முகம் சுளிக்கமாட்டார்.

போன வாரம் ஒரு பார்சலோடு வீட்டுக்கு வந்தார். புது ஹெல்மெட், எனக்கு. இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோய்த் தலையில் மாட்டினேன். காதுப்பக்கம் ஏதோ குறுகுறுத்தது.

“உள்ள ஸ்பீக்கர் இருக்கு மாப்ளே. இனிமே நேரம் எவ்வளவுன்னு ரெண்டு பேருக்குமே கேக்கும்.”