வீட்டுக்காரர் கையெழுத்து

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பல்லவச் சிற்பிக்கு நம் ஆண்களை அப்போதே தெரிந்திருக்கிறது. கருக்கலைப்பு என்று பேச்செடுத்தால் டீக்கடையில் உடனே ஒழுக்கம் கொதிக்கும்: "இந்தக் காலத்துப் பொண்ணுங்க இருக்காளுங்களே..." இந்தக் காலத்துப் பையன்களைப் பற்றி ஒரு முனகல் கிடையாது. ஈசிஆர் விடுதிகளுக்குப் பெண்கள் தனியாகப் போய், கடற்காற்றிலேயே கருத்தரித்துத் திரும்புகிறார்கள் போலும்.

சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. 1971இல் வந்து 2021இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்ப வேண்டும். 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள். அதையும் தாண்டினால், கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால், மருத்துவ வாரியம். இந்த வரம்புக்கு வெளியே தன் கருவைத் தானே கலைத்துக்கொண்டவள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவில் குற்றவாளி. "கலைச்சிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தவனைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. அவனுக்கு எந்த வாரமும் கணக்கில்லை.

ஒன்றை மட்டும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும், கணவன் சம்மதம் வேண்டியதில்லை. மணமாகாத பெண்ணுக்கும் 24 வார உரிமை உண்டென்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் டெல்லியில் சொன்னது நம்மூர் ஆஸ்பத்திரி கவுன்ட்டருக்குக் கேட்பதில்லை. "வீட்டுக்காரர் வரலியா? கையெழுத்து வேணுமே!" கர்ப்பத்துக்குப் பொறுப்பேற்க வராத மகராசன், அதிகாரம் செலுத்தப் பேனாவோடு வருகிறான்.

இத்தனைக்கும் நம்மூர் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடி, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும், பிடிக்காத திருமணத்தை விட்டு விலகும் உரிமையும் கேட்ட ஊர். பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதிய பெரியார் முன்னின்று நடத்திய மாநாடு அது. இன்று அவர் சிலைக்கு மாலை போட ஆண்கள் முண்டியடிக்கிறார்கள். ஆண் கருத்தடைக்கு முண்டியடித்ததாகத் தகவல் இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்வதைக் கேளுங்கள். இந்தியாவில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3. பெண்ணுக்கு வயிற்றைக் கீற வேண்டும். ஆணுக்குக் கத்தியும் இல்லை, தையலும் இல்லை, சில நிமிட வேலை, அன்றைக்கே வீடு. நெருக்கடி நிலையில், 1976இல், ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அறுத்தார்கள். அது அநியாயம்தான், மறுக்கவில்லை. அந்தப் பயத்துக்கு அரை நூற்றாண்டாக வட்டி கட்டுவது மட்டும் பெண்ணின் வயிறு.

இப்போது சொல்லும் காரணம் வேறு: ஆபரேஷன் செய்துகொண்டால் பளு தூக்க முடியாதாம், ஆண்மை போய்விடுமாம். இதைச் சொல்கிறவனின் மனைவி, தையல் காய்ந்ததும் மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனவள். அவளுக்கு எதுவும் போகவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்டுதோறும் ஆண் கருத்தடை இருவார விழா நடக்கிறது. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுகிறார். வாசலில் சாய்ந்து பீடி இழுப்பவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கிறார்: "அடியே, நர்சம்மா வந்திருக்காங்க, உனக்குத்தான்!"